பாகலூருக்கு வந்த கப்பல்

பாகலூர் கடல் காணாத ஊர். ஓசூரிலிருந்து மாலூர் செல்லும் சாலையில், கருநாடக எல்லைக்கு அருகே, கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. காலையில் தொழிற்சாலைப் பேருந்துகளின் இரைச்சலும், மாலையில் ரோசாத் தோட்டங்களிலிருந்து மலர்க்கட்டுகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளின் ஓசையுமே இங்கு நாம் கேட்கும் அலையோசை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் இவ்வூரில், பிறந்தது முதல் கடலைப் பார்த்தறியாத முதியோர் பலர் உண்டு.

ஆயினும் கடலுக்கும் நமக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம் பகுதி வழியாகத் தமிழகத்தினுள் நுழையும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் சற்றே இளைப்பாறி, பல மாவட்டங்களைக் கடந்து, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. அந்தக் கடலூருக்கு முன்னே 1783ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள் இரு பெரும் கப்பற்படைகள் மோதின. பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் 15 போர்க்கப்பல்களுடன் நின்றார். ஆங்கிலேயத் தளபதி எட்வர்டு ஹியூஸ் 18 கப்பல்களுடன் எதிர்கொண்டார். இரு நாடுகளும் அதே ஆண்டு சனவரியிலேயே ஐரோப்பாவில் போர்நிறுத்தத்திற்கு இசைந்து கையொப்பமிட்டிருந்தன. அந்தச் செய்தி பாய்மரக் கப்பலின் வேகத்தில்தான் வரமுடிந்தது. அது வந்து சேருவதற்குள் இருபுறமும் பலர் மாண்டிருந்தனர். முடிந்துபோன போரில் உயிர்நீத்த அம்மனிதர்களை எண்ணும்போதெல்லாம் நம் நெஞ்சம் கனக்கிறது.

பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றி ஒரு பங்குத்தந்தை ஏன் எழுதவேண்டும் என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். காரணம் இதுதான்: அத்தகைய கப்பல் ஒன்று எட்டு மாத காலம் நம் எழுதுமேசையின் மீது தங்கியிருந்தது. மூன்றடிக்குச் சற்று மிகுந்த நீளமுள்ள பிளாஸ்டிக் மாதிரிக் கப்பல் அது.

அதைக் கொண்டுவந்தவர் தூத்துக்குடிக் கடற்கரையைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர். அவருடைய கணவர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் பணிபுரிந்தவர். இன்று அவர் இல்லை. ஒரே மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அச்சுக்கருவிகள் செய்யும் பிரிவில் வேலை பெற்றதால் குடும்பம் பாகலூருக்குக் குடிபெயர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், இரவுப் பணி முடிந்து திரும்பும் வழியில், நெடுஞ்சாலை விபத்தில் அம்மகன் இறந்தார். மனைவி ரோசாத் தோட்டம் ஒன்றில் மலர் தரம்பிரிக்கும் வேலைக்குச் செல்கிறார். பத்து வயதில் ஒரு சிறுவன் இருக்கிறான். தந்தையைப் பற்றி அவனுக்குத் தெளிவான நினைவுகள் இல்லை.

அத்தாய் அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டியபோது, அதனுள் கப்பல் இருந்தது என்பதைவிடக் கப்பலின் துண்டுகள் இருந்தன என்பதே பொருந்தும். மூன்று பாய்மரங்களில் இரண்டு முறிந்திருந்தன. கயிறுகள் சிலந்திவலைபோல் சிக்கிக் கிடந்தன. மெல்லிய பிளாஸ்டிக்கில் வார்த்த பாய்கள் மஞ்சளித்து வெடித்திருந்தன. தந்தை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்த பெட்டியை, மகன் தன் பன்னிரண்டாவது வயதில், ஒரு கோடை விடுமுறை முழுவதும் தந்தையோடு அமர்ந்து கட்டிய கப்பலாம் அது. தூத்துக்குடியிலிருந்து பாகலூருக்கு லாரியில் வந்தபோது உடைந்ததாம்.

“சாமி, குடில் கட்டுறதுல உங்க கை நல்ல கைன்னு எல்லாரும் சொல்றாங்க. இதப் பழையபடி ஆக்கித் தரணும்” என்றார்.

குருமடத்தில் பயின்ற நாள் முதல் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்புக் குடில் கட்டி வந்திருக்கிறோம். அட்டை, வைக்கோல், நூல், பசை ஆகியவற்றோடு நமக்குப் பழக்கம் உண்டு. எனவே பெட்டியை ஏற்றுக்கொண்டோம். ஆனால் ‘பழையபடி’ என்ற அந்த ஒரு சொல் எத்தனை ஆழமானது என்பது வேலை தொடங்கிய பின்னரே விளங்கிற்று.

முதலில் அது எந்தக் கப்பல் என்று அறிய வேண்டியிருந்தது. பெட்டியின் கிழிந்த மூடியில் ‘ரெவெல்’ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பெயரும், ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற கப்பற்பெயரும் இருந்தன. அரசியல் சாசனம் என்பது அப்பெயரின் பொருள். உண்மைக் கப்பலின் 96 அடி, மாதிரியில் ஓர் அடி. அந்தக் கணக்கில் ஒரு மாலுமியின் உயரம் முக்கால் அங்குலத்திற்கும் குறைவு.

உண்மையான ‘கான்ஸ்டிடியூஷன்’ 1797ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பாஸ்டன் நகரில் நீரில் இறக்கப்பட்டது. 44 பீரங்கிக் கப்பல் என வகைப்படுத்தப்பட்டாலும் ஐம்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளைச் சுமந்தது. உள்ளும் புறமும் வெள்ளைக் கருவாலிப் பலகை, நடுவே ‘உயிர்க் கருவாலி’ எனப்படும் மிகக் கடினமான மரத்தாலான விலாச்சட்டங்கள் என, அதன் உடல் மூன்று அடுக்குகளால் ஆனது. 1812ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் ஆங்கிலக் கப்பலான ‘கெரியர்’ எய்த குண்டுகள் அதன் விலாவில் பட்டுத் தெறித்து விழுந்தன. அன்று முதல் அதற்கு ‘இரும்பு விலா’ என்னும் செல்லப்பெயர் நிலைத்தது.

அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், பிரேசில் நாட்டுக் கரைக்கு அப்பால், இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்த ‘ஜாவா’ என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை அது எதிர்கொண்டது. சண்டையில் ‘கான்ஸ்டிடியூஷனின்’ சுக்கான் சக்கரம் குண்டுபட்டுச் சிதறியது. ஆயினும் இறுதியில் ‘ஜாவா’ பணிந்தது. வென்றவர்கள் தோற்ற கப்பலின் சக்கரத்தைக் கழற்றித் தம் கப்பலில் பொருத்திக்கொண்டு, மீட்கமுடியாத நிலையிலிருந்த ‘ஜாவா’வுக்குத் தீ மூட்டினர். பகைவனின் சக்கரத்தைக் கொண்டு தன் வழியைச் செலுத்தித் துறைமுகம் சேர்ந்தது அக்கப்பல்.

எரிந்துபோன ‘ஜாவா’வில் நம் நாட்டுக்குரிய ஒரு பொருளும் இருந்தது. பம்பாயில் கட்டப்படவிருந்த புதிய போர்க்கப்பலின் வரைபடங்களே அவை. வரைபடங்கள் மறுபடியும் எழுதி அனுப்பப்பட்டன. பம்பாய்த் துறையின் தலைமைக் கட்டுநர் பார்சி இனத்தவரான ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா, மலபார்த் தேக்கைக் கொண்டு அக்கப்பலைக் கட்டினார். தம் சமயமரபுப்படி ஏராக்கட்டையில் ஒரு வெள்ளி ஆணியை அறைந்து வேலையைத் தொடங்கினார். 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அக்கப்பல் நீரில் இறங்கியது. அதன் பெயர் ‘டிரிங்கோமலி’, அதாவது நம் திருகோணமலை. இந்தியத் தேக்கில் இந்தியக் கைகள் செய்த, ஈழத்துத் தமிழூரின் பெயர் தாங்கிய அக்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. பாகலூர் மேசையின் மேலிருந்த பிளாஸ்டிக் கப்பல் நம்மைப் பம்பாய்க்கும் திருகோணமலைக்கும் இட்டுச் சென்றது இவ்வாறுதான்.

இனி வேலையைப் பற்றிச் சொல்வோம். முதற்பணி தூய்மை செய்தல். இருபது ஆண்டுத் தூசியை மென்மையான தூரிகையால் தட்டி, பின்னர் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பைக் கலந்து, பஞ்சுமுனையால் துடைத்தோம். கொதிநீர் கூடாது, பிளாஸ்டிக் நெளிந்துவிடும். துடைக்கத் துடைக்க, சாம்பல் நிறத்தின் கீழிருந்து கருப்பு விலாவும், அதன் மேல் ஓடும் வெள்ளைப் பட்டையும், நீர்மட்டத்திற்குக் கீழே செம்பு வண்ணமும் எழுந்து வந்தன. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து காக்கவே அக்காலக் கப்பல்களின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு போர்த்தினர். அந்தச் செம்பைத்தான் அச்சிறுவன் தூரிகையால் தீட்டியிருந்தான். கோடு சிற்சில இடங்களில் கோணியிருந்தது.

அடுத்தது பாய்மரங்கள். முறிந்த இரு முனைகளைப் பசையால் மட்டும் ஒட்டினால் கயிற்றின் இழுப்பைத் தாங்காது. இரு முனைகளிலும் ஊசியளவு துளையிட்டு, உள்ளே பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, பின் ஒட்டவேண்டும். நம் பங்கில், கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் இருக்கிறார். கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கி, நுண்ணிய இடுக்கி, விரலால் சுழற்றும் துளைப்பான் ஆகியவற்றோடு அவர் ஒரு ஞாயிறு மாலை வந்து அமர்ந்தார். நமக்கு ஒரு வாரம் பிடித்திருக்கும் வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்தார். காணாமற்போன சுக்கான் சக்கரத்திற்குப் பதிலாகப் பழைய மேசைக் கடிகாரம் ஒன்றின் பல்சக்கரத்தைத் தேடி எடுத்து, பல்லை அராவி, கைப்பிடிகளை ஒட்டித் தந்தார். ‘ஜாவா’வின் சக்கரக் கதையை அவருக்குச் சொன்னோம். “அப்படியானால் நாம் செய்தது முறைதான், சுவாமி” என்று சிரித்தார்.

பிளாஸ்டிக் ஒட்டும் பசையைப் பற்றியும் ஒரு சொல். மரவேலைப் பசை இரு பொருள்களுக்கு நடுவே நின்று அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கெனச் செய்யப்பட்ட பசை அப்படியன்று. அது இரு பக்கங்களின் மேற்பரப்பையும் இளக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் ஆவியாய் மறைந்துவிடுகிறது. காய்ந்தபின் நடுவே பசை என்று ஒன்று இருப்பதில்லை. இந்த இயல்பைப் பின்னர் மீண்டும் குறிப்பிட வேண்டியிருக்கும்.

கயிறு கட்டுவதே நெடும்பணி. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகள் தாரூட்டப்பட்டவையாதலால் கருப்பாகவும் தடிப்பாகவும் இருக்கவேண்டும். பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் பயன்படும் கயிறுகள் மெல்லியவை, வெளிர்பழுப்பானவை. தையல்நூலை அப்படியே கட்டினால் அதன் பிசிறுகள், இந்தச் சிறிய அளவில், கயிற்றில் முளைத்த மயிர்போல் தோன்றும். நூலைத் தேன்மெழுகில் உரசி இழுத்தால் பிசிறு படிந்துவிடும். பீடத்தில் எரிந்து மிஞ்சிய தேன்மெழுகுத் துண்டுகள் இதற்கு உதவின. அச்சிறுவன் பள்ளிவிட்டு வந்ததும் நூலை மெழுகில் இழுத்துத் தருவதைத் தன் பணியாக்கிக்கொண்டான்.

கப்பலின் உறுப்புகளுக்கு நாம் ஆங்கிலப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, திண்ணையில் அமர்ந்திருந்த அத்தாய் ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர் சொன்னார். முன்பக்கம் ‘அணியம்’. அடியில் முதுகெலும்புபோல் ஓடுவது ‘ஏரா’. பாயைத் தாங்கும் குறுக்குமரம் ‘பருமல்’. நூலில் தேடியும் கிடைக்காத சொற்கள் தூத்துக்குடித் தோணிகளிலிருந்து பாகலூர்த் திண்ணைக்கு அப்படி வந்து சேர்ந்தன. வேலை நடக்கும் நாள்களில் அத்தாயின் முகத்தில் ஒரு தெளிவு கண்டோம். மகனைப் பற்றி அழாமல் பேச அவருக்கு இடம் கிடைத்திருந்தது என்றே நினைக்கிறோம்.

கப்பல் நிமிர நிமிர, ‘பழையபடி’ என்ற சொல் நம்மை வினவத் தொடங்கிற்று. எந்தப் பழமை? 1812இல் கடலில் நின்ற கப்பலின் பழமையா? பெட்டி மூடியின் படத்தில் மின்னும் கப்பலின் பழமையா? அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் அறியாமையோடும் ஆர்வத்தோடும் கட்டி முடித்த கப்பலின் பழமையா?

பேரன் பெட்டிப் படத்தின் பக்கம் நின்றான். வண்ணமெல்லாம் சுரண்டிப் புதிதாகப் பூசவேண்டும், காணாமற்போன பீரங்கிகளை எல்லாம் செய்யவேண்டும், பாய்கள் காற்றில் உப்பி நிற்கவேண்டும் என்பது அவன் விருப்பம். வரலாற்று நூல்களோ வேறொன்று கூறின. கப்பலின் பின்புறத்தில் அதன் ஆங்கிலப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில், கோணல்மாணலான வெள்ளைத் தமிழ் எழுத்துகளில் ‘பனிமய மாதா’ என்று எழுதப்பட்டிருந்தது. தூத்துக்குடித் துறையில் தோணிகளின் பெயர்களைப் படித்து வளர்ந்த பிள்ளைக்குக் கப்பல் என்றால் மாதாவின் பெயர்தான் இருக்கவேண்டும். வரலாற்றின்படி அது பிழை. அமெரிக்கக் குடியரசின் கப்பலுக்கு அப்பெயர் இருந்ததில்லை.

பெரிய கப்பல்களைப் புதுப்பித்தவர்களும் இவ்வினாவைச் சந்தித்திருக்கிறார்கள். அவர்கள் தந்த விடைகள் ஒன்றுபோல் இல்லை.

‘கான்ஸ்டிடியூஷன்’ பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. 1925இல் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்து அதற்கு நிதி திரட்டத் தொடங்கினர். 1927 முதல் 1931 வரை பெரும் புதுப்பித்தல் நடந்தது. இற்ற பலகைகள் ஒவ்வொன்றாய் மாற்றப்பட்டு, இன்று அதன் மரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே முதற்காலத்தது. வடிவமும் பெயரும் தொடர்ந்தன, மரம் மாறிற்று. ஆயினும் மக்கள் அதை அதே கப்பல் என்றே போற்றுகின்றனர்.

‘டிரிங்கோமலி’யின் வரலாறு வேறு. நெப்போலியப் போர்கள் ஓய்ந்தபின் பிறந்த அக்கப்பல், நீண்டகாலம் துறைமுகத்தில் சும்மா நின்றது. பின் சிலகாலம் தொலைக்கடல்களில் காவல் புரிந்தது. 1897க்குப் பின் ‘ஃபூட்ராயாண்ட்’ என்ற வேறு பெயரைத் தாங்கி, 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சி தரும் கப்பலாய் விளங்கிற்று. போருக்கென்று பிறந்தது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூடமாய்க் கழித்தது. 1990இல் தொடங்கி 2001 வரை அதைச் சீரமைத்தபோது, இடையில் சேர்ந்தவற்றை நீக்கி, பழைய பெயரையும் தோற்றத்தையும் மீட்டனர். அங்கே மரம் பெரும்பாலும் அன்றைய தேக்கே.

மூன்றாவது விடை ஒரு பாய்த்துணியில் இருக்கிறது. 1805ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டிரஃபால்கர் சமரில் தளபதி நெல்சனைச் சுமந்து நின்ற ‘விக்டரி’ கப்பலின் முன்பாய்களுள் ஒன்று இன்றளவும் காக்கப்படுகிறது. அதில் குண்டு துளைத்த ஓட்டைகள் ஏறக்குறைய தொண்ணூறு. துணி மேலும் நைந்துவிடாமல் பேணுகிறார்களேயன்றி, அந்த ஓட்டைகளை எவரும் தைத்து அடைக்கவில்லை. அடைத்திருந்தால் அது நல்ல பாயாகியிருக்கும். ஆனால் அந்நாளின் சாட்சியாய் இருந்திராது.

இவ்வாறு எண்ணமிட்டுக்கொண்டே ஒருநாள் கப்பலின் அடிப்பாகத்தை, சுக்கானுக்கு அருகே, விளக்கொளியில் திருப்பிப் பார்த்தோம். செம்பு வண்ணத்தின் கீழ் ஏதோ மேடுபள்ளம் தெரிந்தது. நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளை நறுக்கிக் கையில் எடுத்திருந்தோம். மாதிரி செய்வோர் எல்லாரும் அத்தகைய இடத்தைத் தேய்த்துச் சமன் செய்து மறுபடி வண்ணம் பூசுவார்கள். உருப்பெருக்கியை வைத்து நோக்கினோம். அது ஒரு கட்டைவிரலின் சுவடு.

பசை பிளாஸ்டிக்கை இளக்கும் என்று முன்னர் சொன்னோம் அல்லவா? இரு பாதி உடல்களையும் ஒட்டும் வேளையில், பசை வழிந்து இளகிய இடத்தில் அப்பிள்ளையின் கட்டைவிரல் அழுந்தியிருக்கிறது. பின் அது அப்படியே இறுகிவிட்டது. வளைவு வளைவாக ஒவ்வொரு ரேகையும் தெளிவாய் நின்றது.

உப்புத்தாளை மேசைமேல் வைத்துவிட்டோம். இது நாம் ஒருவராய்த் தீர்மானிக்கும் காரியம் அன்று. மறுநாள் மாலை அக்குடும்பத்தார் மூவரையும் அழைத்து, உருப்பெருக்கியைத் தந்து, அவ்விடத்தைக் காட்டினோம். “இதைத் தேய்த்தால் கப்பல் அழகாகும். தேய்க்கட்டுமா, விட்டுவிடட்டுமா, அம்மா?” என்று வினவினோம்.

அத்தாய் நெடுநேரம் பார்த்தார்; ஒன்றும் பேசவில்லை. எப்போதும் வாய்திறவாத மருமகள்தான் முதலில் பேசினார். “போன்ல போட்டோ நிறைய இருக்கு, சாமி. அதுல எல்லாம் முகம் இருக்கு, கை இல்ல. இது இருக்கட்டும்” என்றார்.

பேரன் தன் கட்டைவிரலை மெல்ல அச்சுவடின்மேல் வைத்துப் பார்த்தான். சுவடு சற்றே பெரிதாயிருந்தது. தந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. மகனுக்கு இப்போது பத்து. “இன்னும் ரெண்டு வருசத்துல சரியா வரும்” என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டான். அதன்பிறகு வண்ணத்தைச் சுரண்டவேண்டும் என்று அவன் கேட்கவேயில்லை.

குருமடத்தில் அருளியல் படித்த நாள்களில், அக்வினா தோமாவின் வழிநின்று, அருளுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பல மாதங்கள் கற்றோம். இயல்பை அகற்றிவிட்டு அது இருந்த இடத்தில் அருள் குடியேறுவதில்லை என்பது அப்பாடத்தின் சாரம். தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தது உண்டு. உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்குக் காட்டியது தழும்பற்ற கைகளை அல்ல என்பதைப் பாஸ்கா காலந்தோறும் மறையுரையில் எடுத்துரைப்பதும் உண்டு. சாவையே வென்றவருக்கு அத்தழும்புகளை மறைப்பது அரிதன்று. தோமா தம் ஆண்டவரை இன்னார் என்று அறிந்துகொண்டது அவற்றால்தான். அந்த மாலையில், ஒரு சிறுவனின் கட்டைவிரலைக் கண்டபோது, பழைய பாடம் நமக்கு மறுபடியும் புதிதாயிற்று.

அதன்பின் எஞ்சிய முடிவுகள் எளிதாயின. ‘பனிமய மாதா’ என்ற பெயரை அப்படியே விட்டு, உதிர்ந்த ஓரங்களை மட்டும் அதே வெள்ளையால் தொட்டோம். கோணிய செம்புக்கோட்டை நேராக்கவில்லை. காணாமற்போன ஒன்பது பீரங்கிகளைப் புதிதாய்ச் செய்யவில்லை. இருந்தவற்றை அகற்றவும் இல்லை. போர்க்கப்பலைப் போர்க்கப்பல் அல்ல என்று காட்டுவதும் ஒருவகைப் பொய்யே. கடலூருக்கு முன்னே மாண்டவர்களின் கதையைப் பேரனுக்குச் சொன்னோம். “சமாதானம் ஆயிருச்சுன்னு தெரியாமலே சண்டை போட்டாங்களா?” என்று கேட்டு, வெகுநேரம் பேசாமல் நூலை மெழுகில் இழுத்துக்கொண்டிருந்தான்.

பாய்கள் மட்டும் மீட்கமுடியாதபடி நொறுங்கியிருந்தன. புதியவை செய்தாக வேண்டும். பேரனின் விருப்பப்படி விரித்த பாய்களா, அல்லது சுருட்டிக் கட்டிய பாய்களா என்று பாட்டியிடம் கேட்டோம். “சுருட்டியே வைங்க, சாமி” என்றார் உடனே. “பாயச் சுருட்டிட்டா, ஆளு கரைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம்.” கணவருக்காகவும், முன்பு தம் தந்தைக்காகவும் துறையில் காத்து நின்ற பெண்ணின் சொல் அது. பேரனும் மறுக்கவில்லை. மெல்லிய காகிதத்தை நீர்த்த ஃபெவிகாலில் நனைத்து, ஒவ்வொரு பருமலிலும் சுருட்டி, மெழுகு நூலால் கட்டினோம்.

இறுதியில் கரும்பழுப்பு வண்ணத்தை மிக நீர்க்கக் கரைத்துத் தளத்தின்மேல் ஓடவிட்டுத் துடைத்தோம். அது பலகைகளின் இடுக்குகளில் மட்டும் தங்கி, பல்லாண்டு மிதிபட்ட மரத்தின் தோற்றத்தைத் தந்தது. மங்கலான மெருகெண்ணெயை எங்கும் பூசினோம். கட்டைவிரல் சுவடின்மேல் மட்டும் இருமுறை, மிக மெல்லியதாகப் பூசினோம். ரேகைகள் நிரம்பிவிடலாகாது, தேய்ந்தும் விடலாகாது.

இப்போது அக்கப்பல் அவர்கள் வீட்டில், கண்ணாடிப் பெட்டியொன்றினுள், திருக்குடும்பப் படத்திற்குக் கீழே நிற்கிறது. அடிப்பாகத்தின் சுவடு வெளியே தெரியாது. அது அங்கிருப்பது அவர்களுக்கும் நமக்கும் தெரியும்.

அன்புக்குரிய வாசகர்களே, நம் வீடுகளிலும் பழுதுபட்டவை பல இருக்கின்றன. பொருள்கள் மட்டுமல்ல; முறிந்த உறவுகளும், நோயால் மாறிய முகங்களும், துயரத்தால் பேச்சு நின்றுபோன மனிதர்களும் உள்ளனர். அவர்களைப் பழையபடி ஆக்கிவிடவேண்டும் என்று நாம் விரைகிறோம். அவ்விருப்பம் நல்லதே. ஆனால் உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் விளக்கை அருகே கொணர்ந்து ஒருமுறை உற்று நோக்குவோம். நாம் கறை என்று தேய்க்கப் புறப்படும் இடத்தில், ஒருவேளை, அன்புக்குரிய ஒருவரின் கை பதிந்திருக்கலாம்.